அண்ணாவுக்கு, மண்டபத்தில் நான் கேட்டது பற்றி

அண்ணா,

மே 7 மறுபடி வந்துவிட்டது. போன வருஷம், 2025-ல், இதே நாள் காலையில் போன் செய்து, "டிவியைப் போடு, எங்க சிக்னல்ஸ் பொண்ணு பேசுது பாரு" என்றாய். சிக்னல்ஸ் என்றால் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவு. பாகிஸ்தான் மீது நம் படைகள் நடத்திய ஆபரேஷன் சிந்தூர் தாக்குதலைப் பற்றிக் கர்னல் சோஃபியா குரேஷி இந்தியிலும் விங் கமாண்டர் வியோமிகா சிங் ஆங்கிலத்திலும் பேசினார்கள். வெளியுறவுச் செயலாளர் விக்ரம் மிஸ்ரி கூட இருந்தார். சாயங்காலத்துக்குள் குரேஷியைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு எனக்கு ஒப்பித்தாய்: உயிர்வேதியியல் படித்தவர், 2006-ல் காங்கோவில் ஐ.நா. அமைதிப்படையில் வேலை பார்த்தவர், 2016-ல் புனேயில் 18 நாடுகள் சேர்ந்து நடத்திய பயிற்சியில் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததிலிருந்து உன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

அதற்கப்புறம் அந்த யூடியூப் சேனல் உன்னைப் பேசக் கூப்பிட்டது, மஞ்சக்குப்பத்து மண்டபக் கூட்டத்தில் நாட்டுப் பாதுகாப்பைப் பற்றி நீ பேசியது, எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இதை நம் சொந்தக்காரர்களும் படிப்பார்கள், ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு வரி. மண்டபத்தில் நான் எழுந்து கேட்டது இவ்வளவுதான்: "நீங்க எந்தப் பிரிவுல என்ன வேலை பார்த்தீங்கன்னு முதல்ல சொல்லிட்டு, அப்புறம் இதைப் பேசுங்க." திட்டவில்லை. பொய் சொல்கிறாய் என்றும் சொல்லவில்லை. நீ இருந்த யூனிட்டையோ இடங்களையோ இங்கேயும் எழுத மாட்டேன், பயப்படாதே.

அத்தனை பேர் முன்னால் கேட்டதற்கு மன்னித்துக்கொள். கேள்வியை மட்டும் திரும்ப வாங்க மாட்டேன். தனியாகக் கேட்டிருக்கலாமே என்று அண்ணி இன்னமும் சொல்கிறார். தனியாகவும் கேட்டேன், அண்ணா. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன், நீ டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தாய்.

மே 8 ராத்திரி நினைவிருக்கிறதா? கராச்சித் துறைமுகம் எரிகிறது என்று சேனல் சேனலாக அலறினார்கள். மறுநாள் நீயும் அதையே சொன்னாய், உன் பெயருக்குக் கீழே 'பாதுகாப்பு நிபுணர்' என்று போட்டிருந்தார்கள். மூன்று நாள் கழித்து, மே 11-ம் தேதி மூன்று படைகளின் அதிகாரிகளும் வந்து உட்கார்ந்தார்கள். தரைப்படை நடவடிக்கைகளைப் பற்றி லெப்டினன்ட் ஜெனரல் ராஜீவ் காய் பேசினார், வானத்தைப் பற்றி ஏர் மார்ஷல் ஏ.கே. பார்தி, கடலைப் பற்றி வைஸ் அட்மிரல் ஏ.என். பிரமோத். கராச்சி உட்படத் தாக்குவதற்குத் தயாராக நின்றோம் என்றுதான் பிரமோத் சொன்னார். தாக்கினோம் என்று சொல்லவில்லை. கப்பல் அவர் பொறுப்பில் இருந்தது, தனக்குத் தெரிந்த அளவோடு நிறுத்திக்கொண்டார். நீ கடற்படையில் இருந்ததில்லை. அந்த நிகழ்ச்சியைப் பார்த்த நம் தெருப் பையன்களுக்கு அது தெரியாது. 'ராணுவத்துல இருந்தவரே சொல்லிட்டார்' என்று நம்பினார்கள். என் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது.

இதே வாயால் நீதான் சொல்வாய், யூனிஃபார்ம் போடாதவன் நாட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசக் கூடாது என்று. உன் கார்கிலைப் பற்றி விசாரித்து எழுதிய குழுவுக்குத் தலைவர் யார்? திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். சென்னையில் வேதியியல் படித்துவிட்டு 1951-ல் ஐ.ஏ.எஸ். ஆனவர், ஒரு நாளும் சீருடை போடாதவர். ஆனால் அவர் தனியாக உட்கார்ந்து எழுதவில்லை. லெப்டினன்ட் ஜெனரல் ஹஸாரி, பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ், தூதராக இருந்த சதீஷ் சந்திரா ஆகியோரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தானே இப்படிப் பல இடத்து ஆட்களைச் சேர்த்து உட்கார வைப்பது?

ஒரு விஷயத்தில் நீ சொல்வது நியாயம், அதையும் எல்லார் முன்னாலேயும் சொல்லிவிடுகிறேன். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவிக்கு வந்த முதல் ஐந்து பேரில் பிரஜேஷ் மிஸ்ரா, ஜே.என். தீட்சித், சிவசங்கர் மேனன் மூவரும் வெளியுறவுப் பணிக்காரர்கள். எம்.கே. நாராயணனும் அஜித் தோவலும் ஐ.பி.எஸ். ஆகி உளவுத்துறையான ஐ.பி.க்குத் தலைவரானவர்கள். பட்டாளத்திலிருந்து ஒருவரும் இல்லை. தூதராக இருந்தவர் எதையும் பேச்சுவார்த்தைப் பக்கமிருந்து பார்ப்பார், உளவு பார்த்தவர் ரகசியத் தகவலின் பக்கமிருந்து பார்ப்பார் என்றால், மலை மேல் நின்றவனின் கண் அந்த அறைக்குள் எந்த அளவுக்கு எட்டும் என்று நீ கேட்பது சரியான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவே நமக்கு அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று தெரிய வேண்டியிருக்கிறதே, அண்ணா. அவர்களிடம் கேட்கலாம், உன்னிடம் கேட்கக் கூடாதா?

"எல்லாத்தையும் வெளியே சொல்ல முடியாது" என்றாய். ரகசியம் எதையும் நான் கேட்கவில்லை. 2021-ல் ஓய்வூதிய விதிகளைத் திருத்தி, உளவு, பாதுகாப்பு அமைப்புகள் சிலவற்றில் இருந்தவர்கள் ஓய்வுக்குப் பிறகும் தங்கள் அமைப்பின் வேலை சம்பந்தமாக அனுமதி இல்லாமல் எதுவும் எழுதக் கூடாது என்று கொண்டுவந்தார்கள். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் பலர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள், காலியான நாற்காலிகளில் யார் யாரோ வந்து உட்காருகிறார்கள். அதில் ஒருவனாக நீ இருக்க வேண்டுமா என்பதுதான் என் வருத்தம்.

கார்கில் முடிந்த பிறகு வந்த மார்கழியில் நீ லீவில் வந்தாயே, அது திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. கொல்லையில் ரேடியோ ஏரியல் கம்பி அறுந்து தொங்கியது. அதை முறுக்கிச் சேர்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாய். நாங்கள் யாரும் கேட்கவில்லை, நீயாகப் பேசினாய். ஷெல் விழுந்தால் முதலில் போவது டெலிபோன் வயர்தான் என்றாய். ராத்திரி டார்ச் அடிக்க முடியாது. வயரைக் கைக்குள் ஓடவிட்டபடியே மலையில் ஏற வேண்டும், கை சும்மாவானால் அங்கேதான் அறுந்திருக்கிறது. அப்புறம் அந்த இன்னொரு முனையைக் கல்லிலும் பனியிலும் தடவித் தடவித் தேட வேண்டும். "ரெண்டு முனையும் கிடைச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது." விரல் மரத்துப் போனதால் பல்லால் கடித்து உறையை உரிப்பீர்களாம். சொல்லிவிட்டு என்னிடம் கையைக் காட்டினாய். வலது ஆள்காட்டி விரல் நுனி கன்னிப்போய், நகம் பாதி கறுத்திருந்தது. முறுக்கிக் கட்டியதும் போனை மாட்டிச் சுழற்றுவீர்கள். "மேலேர்ந்து ஒருத்தன் ஹலோன்னு சொன்னா போதும், அழுதுடுவோம்." அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிலைப்படியில் நின்றது உனக்குத் தெரியாது. உன் முதுகு அந்தப் பக்கம் இருந்தது.

அதை ஏன் நீ எந்த நிகழ்ச்சியிலும் பேசவில்லை? நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிப் பேசுகிறாய், அணுகுண்டைப் பற்றிப் பேசுகிறாய், சீனா என்ன நினைக்கிறது என்று பேசுகிறாய். போரில் ஒரு தகவல் எப்படி அறுந்துபோகிறது, அதை எப்படி ஒட்டவைப்பது என்று இந்த மாவட்டத்தில் உன்னைப்போல் சொல்ல எத்தனை பேர் இருப்பார்கள்? உன் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு, எவனோ எழுதிக் கொடுத்ததைப் பேசினாய். எனக்கு அது தாங்கவில்லை. நீ பெரிய ஆளாக வேண்டாம் என்று நான் பொறாமைப்படுவதாக யாரோ சொன்னார்களாம். சொல்லட்டும்.

மண்டபத்தில் அன்றைக்கு உனக்கு முன்னால் சிங்காரத்தோப்பிலிருந்து வந்தவர் பேசினார், கவனித்தாயா? "நான் சின்ன வயசுலேர்ந்து கடலுக்குப் போறவன்" என்றுதான் தொடங்கினார். மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்காரர்கள் வந்து கூட்டம் போட்டது, அட்டை கொடுத்தது எல்லாம் சொல்லிவிட்டு, "மீன் இல்லாத இடத்துல ராத்திரி ஒரு போட்டு லைட்டு இல்லாம நின்னா எங்களுக்குச் சந்தேகம் வரும், மேப்புல பார்க்கிறவங்களுக்கு வராது" என்றார். பேசியது கொஞ்ச நேரம்தான். கைதட்டல் உனக்குத்தான் அதிகம். 2008-ல் மும்பையைத் தாக்கிய அந்தப் பத்துப் பேரும் குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதில்தான் வந்தார்கள். 1999 மே தொடக்கத்தில் கார்கில் மலையில் ஊடுருவியவர்களை முதலில் பார்த்துச் சொன்னவர் தாஷி நம்கியால், தொலைந்த யாக் எருதைத் தேடிப் போன ஒரு மேய்ப்பர். உனக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. கைதட்டியவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். குரேஷியின் மதத்தை வைத்து மத்தியப் பிரதேச அமைச்சர் ஒருவர் கேவலமாகப் பேசியபோது நீ கொதித்தாய். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்குப் பதியச் சொன்னபோது எனக்கு ஸ்வீட் வாங்கி அனுப்பினாய். அதற்கு நாலு நாள் முன்னால், மே 10-ம் தேதி, சண்டையை நிறுத்த ஒப்புக்கொண்டோம் என்று அறிவித்த மிஸ்ரியைத் திட்டித் தீர்த்தார்கள். அவர் மகளைக்கூட விடவில்லை. தன் எக்ஸ் கணக்கையே அவர் பூட்டிவைக்க வேண்டியதாயிற்று. அரசு எடுத்த முடிவைச் சொன்னது தவிர அந்த மனிதர் என்ன செய்தார்? ஸ்ரீநகரில் பிறந்தவர், சீனாவில் தூதராக இருந்தவர், மூன்று பிரதமர்களின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவரைத் திட்டிய செய்தி ஒன்றை நம் குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பியது நீ. உன் சிக்னல்ஸ் பெண்ணோடு கூட இருந்தவர்தானே அவர்? அதற்கு நீ இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன்னைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. நான் புதுச்சேரியில் அரசியல் அறிவியல் பாடம் நடத்துகிறவள். போர்க்களம் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது எல்லாம் அறிக்கைகளிலும் புத்தகங்களிலும் படித்தது. அதோடு, கொல்லையில் நீ சொன்னது.

நீ பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தவள் நான். அதை நீ எந்த மேடையிலும் சொல்ல வேண்டாம். ஆனால் "தங்கச்சிக்கு என்ன தெரியும்" என்று மைக்கில் சொன்னாயே, அது வலிக்கிறது. என்னைத்தான் எல்லாரும் திமிர் பிடித்தவள் என்கிறார்கள்.

ஜூலைக் கடைசியில், கார்கில் நாளை ஒட்டி எங்கள் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் பேச ஆள் வேண்டும் என்றார்கள். உன்னைக் கேட்காமலே உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். வயர் துண்டு ஒன்று கொண்டுவா, பிள்ளைகளுக்கு முறுக்கிக் காட்டு. வர முடியாது என்றால் அண்ணியிடம் சொல்லி அனுப்பு, வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன். வருவதாக இருந்தால் உன்னைப் பற்றிய அறிமுகத்தை நீயே எழுதி அனுப்பு. எந்தப் பிரிவு, எத்தனை வருஷம், என்ன வேலை, எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு. அதில் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் நான் வாசிக்கிறேன்.

உன் தங்கை