மலோனை எங்கே விடுவது?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போன வாரம் போனில் "என்னம்மா பண்றீங்க?" என்று நீ கேட்டபோது, சும்மா ஏதோ டிவி பார்க்கிறேன் என்று மழுப்பிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டைனோசர் திரியும் பீடபூமியில் மாட்டிக்கொண்ட பயணிகளின் கதை, உன் 'தி லாஸ்ட் வேர்ல்ட்' தொடரை முதல் எபிசோடிலிருந்து பார்த்தேன். 3 சீசன், 66 எபிசோடு. ஒன்றைக்கூட விடவில்லை.

சிரிக்காதே. கால் எலும்பில் கீறல் விழுந்து ஆறு வாரம் நாற்காலியை விட்டு எழக்கூடாது என்றால் மனுஷி என்னதான் செய்வாள்? நீ அதை மறுபடியும் பார்க்க ஆரம்பித்திருப்பதாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். முதல் நாள் இரண்டு, மறுநாள் நான்கு. அப்புறம் கணக்கு வைப்பதை விட்டுவிட்டேன்.

நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில் இந்தத் தொடரை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு ஒரு கண்ணால் பார்ப்பேன். ஒரு டைனோசர் ஓடும், நாலு பேர் அதற்கு முன்னால் ஓடுவார்கள். "இதே டைனோசர்தானேடா போன வாரமும் ஓடியது?" என்று கேட்பேன். உனக்குக் கோபம் வரும். இப்போது முழுதாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அந்த விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. அந்த டைனோசர்களில் முக்கால்வாசி கம்ப்யூட்டரில் அவசர அவசரமாகச் செய்தவை. தென் அமெரிக்கா என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பக்கம் எடுத்திருக்கிறார்கள். இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் வரும் மார்கரீட்டின் வெள்ளைச் சட்டைக்கு யார் இஸ்திரி போடுகிறார்கள்? மூன்று வருஷம் காட்டில் கிடக்கிறாள், பல்லி மனிதர்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள், சேற்றில் விழுகிறாள். அடுத்த எபிசோடில் பார்த்தால் காலர் மடிப்புக் கலையாமல் நிற்கிறது. துணி துவைத்துத் துவைத்தே கை தேய்ந்தவள் நான், என் கண் அங்கேதான் போகும்.

ஆனால் டைனோசருக்காக யாரும் அதைப் பார்க்கவில்லை என்பது பத்து எபிசோடுக்குள் புரிந்துவிட்டது. எனக்குப் பிடித்தது அந்த மரவீடுதான். மேலே ஏற ஒரு லிஃப்ட், கீழே சுற்றிலும் மின்வேலி. பகலெல்லாம் ஆளுக்கொரு திசையில் போய் அடிபட்டுத் திரும்புவார்கள். இருட்டினால் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து அன்றைய சண்டையை முடித்துக்கொள்வார்கள். ஒருவருக்கொருவர் சொந்தமே இல்லாதவர்கள். லண்டனில் இருந்திருந்தால் பேராசிரியர் சேலஞ்சரும் மார்கரீட்டும் ஒரே தெருவில்கூட நடந்திருக்க மாட்டார்கள். பலூன் விழுந்த இடத்தில் இறங்க வழியில்லாமல் போனதால்தான் அது குடும்பமானது. அதற்காகத்தான் நீங்கள் எல்லாம் அப்படிக் காத்துக் கிடந்தீர்கள் என்று இப்போது தோன்றுகிறது.

மார்கரீட் விஷயத்தில் உன்னிடம் தோற்றுவிட்டேன். பணம் போட்டுப் பயணத்தில் தொற்றிக்கொண்டவள், வைரம் மாணிக்கம் என்று அலைகிறவள், வாயைத் திறந்தால் பாதி பொய் என்று அன்றைக்கு அவளைக் கரித்துக்கொட்டினேன். நீ "அம்மா, பொறுத்துப் பாருங்கம்மா" என்பாய். பொறுக்காமலே போய்விட்டேன். தன்னைப் பெற்றவர்கள் யார் என்றே தெரியாத பெண் அவள். அத்தனை மொழி பேசுகிறாள், எதிலும் ஒட்டாமல் பேசுகிறாள். வேட்டைக்கார ராக்ஸ்டன் அவளைக் காப்பாற்ற ஓடுகிற ஒவ்வொரு தடவையும் அவள் முதலில் கோபப்படுகிறாள், கவனித்திருக்கிறாயா? தனக்காக ஒருவர் ஓடிவருவது அவளுக்குப் பழக்கமில்லை. இது நடுவில் எங்கேயோ எனக்கு உறைத்தது. உடனே நிறுத்திவிட்டுப் பின்னால் போய் நான்கு எபிசோடை மறுபடி பார்த்தேன். நீ அந்த ஜோடியின் கட்சியில் ஏன் அத்தனை தீவிரமாக இருந்தாய் என்று தெரிந்தது. நானும் இப்போது அதே கட்சிதான்.

தொடர் முடிந்த கையோடு மூலக் கதையையும் தேடிப் படித்தேன். ஆர்தர் கோனன் டாயில் 1912-இல் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் தொடராக எழுதியது. சேலஞ்சர், சம்மர்லீ, ராக்ஸ்டன், பத்திரிகைக்காரன் மலோன் என்று நான்கு ஆண்கள்தான் அந்தப் பயணத்தில். மார்கரீட்டும் இல்லை, காட்டிலேயே வளர்ந்த வெரோனிகாவும் இல்லை! எனக்குப் பெரிய ஏமாற்றம். பலூனும் கிடையாது. மரத்தை வெட்டிச் சாய்த்துப் பள்ளத்தைக் கடந்து பீடபூமிக்குப் போகிறார்கள். கூட வந்த கோமஸ், தன் சகோதரனை ராக்ஸ்டன் கொன்றதற்குப் பழிவாங்க அந்த மரத்தைத் தள்ளிவிடுகிறான். கடைசியில் ஒரு குகை வழியாக இறங்கி லண்டன் போய்ச் சேருகிறார்கள். யாருக்காக மலோன் வீரனாகத் திரும்பி வந்தானோ, அந்தப் பெண் அதற்குள் வேறொரு சாதாரண குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த இடத்தில் நன்றாகச் சிரித்தேன்.

அந்தப் புத்தகத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒன்று உண்டு. கதையில் பெரும்பகுதி மலோன் எழுதும் கடிதங்கள்தான். மேலே மாட்டிக்கொண்ட பிறகு அவனிடம் இருக்கும் காகிதம் ஐந்து பழைய நோட்டுப் புத்தகங்களும் நிறையத் துண்டுத் தாள்களும், எழுதுவதற்கு ஒரே ஒரு பென்சில். போய்ச் சேருமா என்று தெரியாமலே எழுதுகிறான். எனக்குத் தபால் பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது. அப்படியும் உனக்கு ஒரு கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று!

அந்த மாதிரி மலைகள் நிஜமாகவே இருக்கின்றன, தெரியுமா? வெனிசுவேலா, பிரேசில், கயானா மூன்றும் சந்திக்கும் இடத்தில் ரொரைமா என்று ஒன்று. உயரம் சுமார் 2,810 மீட்டர். உச்சி மேசை போலத் தட்டை, சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர். எவரார்ட் இம் துர்ன் என்ற ஆங்கிலேயர் 1884-இல் ஏறியபோதுதான் மேலே என்ன இருக்கிறது என்று வெளியுலகத்துக்குத் தெரிந்தது. டைனோசர் இல்லை. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புத் தேரை இருக்கிறது. அதற்குத் தாவத் தெரியாது. ஈரப் பாறையில் கையைக் காலை ஊன்றி மெல்ல நடந்து போகும், அவ்வளவுதான். அதன் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் டைனோசரைவிட எனக்கு அது பிடித்திருந்தது.

சரி, கடைசி எபிசோடுக்கு வருகிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். புயல் எழுகிறது, காலங்கள் எல்லாம் ஒன்றோடொன்று குழம்புகின்றன, ஆளுக்கொரு இடத்தில் ஆளுக்கொரு ஆபத்தில் நிற்கிறார்கள். திரை இருண்டுவிட்டது. நீ அடுத்த வாரம் அதே நேரத்துக்கு வந்து உட்கார்ந்தாய். வேறு ஏதோ ஓடியது. அதற்கு அடுத்த வாரமும் வந்து உட்கார்ந்தாய். "அவங்க வீட்டுக்குப் போனாங்களா இல்லையா?" என்று கேட்டாய். "கதைதானேடா, போய்ப் படிக்கிற வழியைப் பார்" என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாய். ரிமோட்டைச் சோபாவில் வைத்துவிட்டுப் போனதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. எப்போதும் கையோடு எடுத்துக்கொண்டு போய்த் தொலைப்பவன்.

போன மாதம் அதே இடத்தில் திரை இருண்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? 67-ஆவது எங்கே என்று தேடினேன். இல்லை என்று தெரிந்தும் தேடினேன். ஒரு பெரிய தொலைக்காட்சி நிறுவனம் பின்னால் நிற்காமல், அமெரிக்காவில் ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்கு விற்று ஓடிய தொடராம் அது. 2002-இல் மூன்றாவது சீசன் முடிந்தது. நான்காவதற்குப் பணம் திரளவில்லை, அவ்வளவுதான் காரணம். கொடுமை என்னவென்றால், கதை எழுதியவர்கள் தொடர்ந்து வரும் என்று நம்பித்தான் எல்லாரையும் அப்படி அந்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். முதல் சீசன் முடிவில் சம்மர்லீயை ஆற்றோடு விட்டார்களே, அதைக்கூட மன்னித்தேன். இதை மன்னிக்க முடியவில்லை.

உன்னைப் போன்றவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதும் இப்போதுதான் தெரிந்தது. கடிதம் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். நடக்கவில்லை என்றதும் மிச்சக் கதையைத் தாங்களே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். எத்தனை முடிவுகள்! சிலது படிக்க முடியாத அளவுக்கு அழுகை, சிலது தொடரைவிட நன்றாக இருக்கிறது. ஒழுங்காக ஒரு முடிவு கொடுத்திருந்தால் இவர்களில் பாதிப் பேர் பேனாவை எடுத்திருக்கவே மாட்டார்கள் என்பது என் எண்ணம். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். பரவாயில்லை, போனில் சண்டை போடுவோம்.

கடிதம் எழுதினால் சில சமயம் பலிக்கும் என்பதற்கு ஸ்டார் ட்ரெக் கதையை நீயே சொல்லியிருக்கிறாய். 1968-இல் ரசிகர்கள் எழுதிக் குவித்த கடிதங்களால் அதற்கு மூன்றாவது சீசன் கிடைத்தது. டாயிலின் கதையோ இன்னும் சுவாரசியம். ஷெர்லாக் ஹோம்ஸைக் கொன்றுவிடலாம் என்று 1891-இல் அவர் தன் அம்மாவுக்கு எழுதுகிறார். கூடவே கூடாது என்று அந்த அம்மா பதில் எழுதுகிறார். இரண்டு வருஷம் தாங்கியது. 1893-இல் மகன் கேட்காமல் கொன்றேவிட்டார். வாசகர்கள் விடவில்லை. 1903-இல் ஹோம்ஸை உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அம்மா சொன்னதை முதலிலேயே கேட்டிருந்தால் பத்து வருஷம் மிச்சம். (இது உனக்காகச் சொன்னது இல்லை. கொஞ்சம் உனக்காகவும்தான்.)

அதனால் நானும் ஒரு முடிவு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆமாம், நான்தான். நோட்டில் பதினொரு பக்கம் ஆகிவிட்டது.

புயல் அடங்கிவிட்டது, எல்லாரும் பிழைத்துவிட்டார்கள். அதில் நான் சமரசம் செய்துகொள்ளவே இல்லை. இறங்குவதற்குப் புத்தகத்திலிருந்து அந்தக் குகையைத் திருடிக்கொண்டேன். சேலஞ்சர் மனைவி ஜெஸ்ஸியிடம் போய்ச் சேருகிறார். அந்த அம்மாள் அவரைக் கதவருகே நிறுத்தி வைத்து இரண்டு பக்கம் திட்டுகிறாள், அதை ரசித்து எழுதினேன். எதிர்காலத்திலிருந்து வந்த ஃபின்னுக்குத் திரும்பிப் போக வீடு என்று ஒன்றும் இல்லை, அவளையும் சேலஞ்சரோடு அனுப்பிவிட்டேன். ராக்ஸ்டனும் மார்கரீட்டும் கப்பலில் சண்டை போட்டுக்கொண்டே போகிறார்கள்.

வெரோனிகா வர மாட்டாள். அவள் அங்கேயே வளர்ந்தவள். தாயிடமிருந்து வந்த பொறுப்பு அவள் தலையில் இருக்கிறது, அந்தப் பீடபூமியே அவள் காவலில்தான். அதை மாற்றினால் தொடரில் வந்த அத்தனையும் பொய்யாகிவிடும்.

மலோனிடம்தான் மாட்டிக்கொண்டேன். முதல் தடவை அவனை லண்டனுக்கு அனுப்பிவைத்தேன். வீட்டுக்குப் போகட்டும் என்றுதான் கை தானாக எழுதியது. மறுநாள் படித்துப் பார்த்தால் மரவீட்டில் அவனை விரும்பும் வெரோனிகா லிஃப்ட் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிறாள். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். அடுத்து அவனை அங்கேயே இருக்கவைத்தேன். அதுதான் சரி என்று தெரிகிறது. தெரிந்தும், கப்பலிலிருந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு துறைமுகத்தில் ஓர் அம்மா நிற்பதாக எழுதிவிட்டேன். அவனுக்கு அம்மா இருப்பதாகத் தொடரில் எங்கேயும் நான் பார்க்கவில்லை. எங்கிருந்து வந்து நின்றாளோ! அவளையும் அடித்தாகிவிட்டது.

இப்போது மலோன் குகை வாசலில் ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு மூன்று நாளாக நிற்கிறான். பாவம், கால் வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சொல், போகிறானா, இருக்கிறானா?

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: அந்தச் சட்டை விஷயத்துக்கும் பதில் வேண்டும். மழுப்பக் கூடாது.