ஓரம் குறைந்த காசெல்லாம் பிழை நாணயம் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வைஷ்ணவ தேவி உருவம் போட்ட ஐந்து ரூபாய்க்கும், கோணலாக அச்சான காசுகளுக்கும் லட்சக்கணக்கில் விலை கிடைக்கும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பல வருடமாகப் பிழை நாணயங்களைச் சேகரித்து வருகிறேன். அந்தக் கட்டுரையை நம்பி யாரும் பணத்தை இழந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிழை நாணயம் என்றால், தவறு நாணயச்சாலைக்குள்ளேயே நடந்திருக்க வேண்டும். வெளியே வந்த பிறகு சுத்தியலில் அடிபட்டதும், தண்டவாளத்தில் நசுங்கியதும் வெறும் சேதம்தான். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் சுவையே இருக்கிறது.

ஓரம் பிறை போலக் குறைந்த காசை எடுத்துக்கொள்ளுங்கள். காசாக அச்சடிக்க வேண்டிய வட்ட வில்லையை உலோகத் தகட்டில் வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டுக்கருவி கொஞ்சம் ஏறி இறங்கினால் இப்படி ஆகும். அந்த வில்லைக்கு விளிம்பு எழுப்பும்போது, குறைந்த இடத்தில் அழுத்தம் கிடைக்காது; அதனால் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் விளிம்பு மங்கலாகவே எழும்பும். அரம் வைத்து ராவிய காசிலோ எதிர்ப்பக்க விளிம்பு முழுசாக இருக்கும். ஒரு லென்ஸ் இருந்தால் போதும், பள்ளிப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொரு வகை எனக்கு ரொம்பப் பிடித்தது. அச்சான காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் அந்தக் காசின் முகமே பதியும். ஒரு பக்கம் சிங்கமுகம் சரியாக இருக்கும். மறுபக்கம் அதே சிங்கமுகம் குழிவாக, இடவலம் மாறித் தெரியும். இரண்டு காசை வைஸ் என்ற இறுக்கும் கருவியில் நெருக்கி இதைப் போலியாகச் செய்பவர்களும் உண்டு. அப்படிச் செய்ததில் முதலில் இருந்த எழுத்தின் மிச்சம் அடியில் தெரியும், பின்பக்கமும் தட்டையாகிப் போயிருக்கும்.

எந்த நாணயச்சாலையில் அச்சானது என்று காட்டும் குறி ஆண்டு எண்ணுக்குக் கீழே இல்லாததும் பிழை இல்லை. மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தா காசில் குறியே கிடையாது. பத்து ரூபாயில் கோடுகள் கூடக் குறைய இருப்பதும் அப்படித்தான். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. அப்புறமும் நம்மூர்க் கடைகளில் அதை வாங்க மறுத்தார்கள் என்பது வேறு வருத்தம்.

நல்ல பிழை நாணயத்துக்கு முகமதிப்பைவிடக் கூடுதல் விலை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதை இன்னொரு சேகரிப்பாளர்தான் கையில் வாங்கி, எடை போட்டு, பார்த்துக் கொடுப்பார். காசை வாங்குவதாகச் சொல்லிவிட்டு, முதலில் கட்டணம் கட்டு, வரி கட்டு என்று உங்களிடமே பணம் கேட்பவன் மோசடிக்காரன். இப்படிப்பட்டவர்கள் தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்துவதாக ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. தான் அந்த வியாபாரத்தில் இல்லை என்றும், யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்றும் அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அந்த எச்சரிக்கையையும் வெளியிடுங்கள். புளி போட்டுத் தேய்த்தால் பழைய காசின் மதிப்பு போய்விடும் என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.