கையில் வாங்கி, கையில் கொடுங்கள்

மதிப்பிற்குரிய விமான நிறுவன நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதாமலே உங்களுக்குத் தெரியும். உங்கள் விமானத்தில் வந்து உடைந்த என் கிட்டாரைப் பற்றிய புகார் எண்ணும் நான் அனுப்பிய ஏழு படங்களும் உங்களிடம் இருக்கின்றன, நீங்கள் அனுப்பிய பதில் என்னிடம் இருக்கிறது. எனவே கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை.

மும்பை அந்தேரியில் ஒரு ஸ்டுடியோவின் மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாங்கள் மதுரைக்காரர்கள், நான்கு பேர். ஆறு வருடமாகச் சேர்ந்து வாசிக்கிறோம். இதுதான் முதல் ஆல்பம், ஒன்பது பாட்டு. டிரம்ஸைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மைக் வைத்து, அறையின் எதிரொலியையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி பெரிய அறை எங்களுக்கு ஊரில் வாய்க்கவில்லை. அதனால்தான் இவ்வளவு தூரம். பன்னிரண்டு நாள் வாடகையை முன்பணமாகக் கட்டியாகிவிட்டது. பாஸ் கிட்டார் வாசிப்பவன் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன், ஆடித் தள்ளுபடி நேரத்தில் லீவு வாங்கி வந்திருக்கிறான். அது எப்பேர்ப்பட்ட லீவு என்று ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்.

என் கிட்டார் லெஸ் பால் என்கிற எலெக்ட்ரிக் கிட்டார் வகை. அதன் தலைப்பகுதி பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் மரம் மெலிசு, உள்ளே இரும்புக் கம்பிக்காகப் பள்ளம் வேறு தோண்டியிருப்பார்கள். பெட்டி மல்லாக்க விழுந்தால் முதலில் போவது அந்த இடம்தான். ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கிற இழுவை 40 கிலோவுக்கு மேல் வரும் என்பதால் தந்திகளைத் தளர்த்தி, கழுத்துக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துத்தான் பெட்டியை மூடினேன். மும்பையில் பெட்டிகள் வந்து சேரும் பெல்ட் ஓரமாக உட்கார்ந்து திறந்தேன். தலை தனியாகத் தொங்கியது. தந்திகள் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தன. அறுத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கினால் கழுத்து ஆடுமே, அப்படி ஆடியது. துண்டு மட்டும் சுருட்டினபடியே இருந்தது. பெட்டிமேல் நீங்கள் ஒட்டிய ‘உடையும் பொருள்’ ஸ்டிக்கரில் ஒரு கீறல்கூட இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். இசைக்கருவியை விமானத்தின் கதவருகே கையில் வாங்குங்கள், இறங்கும்போது அதே கதவருகே கையில் கொடுங்கள்.

முடியாத காரியம் இல்லை. குழந்தைகளின் தள்ளுவண்டியை அப்படித்தான் வாங்குகிறீர்கள். அமெரிக்காவில் 2012இல் சட்டமே வந்துவிட்டது. ஏறும் நேரத்தில் இருக்கைக்கு மேலே பை வைக்கும் தட்டில் இடமிருந்தால் வயலின், கிட்டார் போன்றவற்றைக் கேபினுக்குள் விட வேண்டும் என்று 2015 மார்ச்சிலிருந்து விதியும் நடப்பில் இருக்கிறது. நான் அவ்வளவுகூடக் கேட்கவில்லை.

உங்கள் பதிலுக்கு வருகிறேன். ‘சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற சீட்டில் தாங்கள் கையெழுத்திட்டுள்ளீர்கள்.’ ஆமாம், இட்டேன். கையெழுத்துப் போடாவிட்டால் பெட்டியை எடுக்க மாட்டோம் என்றார்கள். பின்னால் இருபது பேர் நின்றார்கள். அந்தச் சீட்டில் இருந்த எழுத்து எறும்பு சைஸ். அப்புறம் அந்த ஐந்நூறு ரூபாய் வவுச்சர், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாமாம். அடுத்த பயணத்தில் எதை உடைப்பீர்கள் என்று அதில் போடவில்லை.

இப்போது இரவல் கிட்டாரில் வாசிக்கிறேன். கழுத்தின் தடிமன் வேறு, தந்தி நிற்கும் உயரம் வேறு. நான்காவது பாட்டின் நடுவில் வருகிற சின்னத் துண்டை நேற்று முப்பத்தோரு தடவை வாசித்தும் சரியாக விழவில்லை. ஸ்டுடியோ மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. உடைந்ததை இங்கே ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். பசை போட்டுக் கிளாம்ப் மாட்டி வைத்திருக்கிறார், ஒன்பதாயிரம் கேட்டார். ஒட்டினாலும் ஒட்டின கழுத்துதான், விற்கப்போனால் பாதி விலைக்குப் போகாது.

கிட்டார்க்காரனுக்கு மட்டும் வந்த வினை இல்லை இது. ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாந்த வீணையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கொடுத்துப் பெருமைப்பட்ட தேசம் இது. குறியீடு இருந்தாலும் வீணையும் அதே பெல்ட்டில்தான் வர வேண்டும். மதுரை கவுண்டரில் இருந்த பெண் பெட்டியைப் பார்த்து ஆசையாக, “யார் படத்துக்கு சார்?” என்று கேட்டார். எந்தப் படத்துக்கும் இல்லை, எங்கள் பாட்டு என்றேன். அவர் முகம் சட்டென்று மாறி, சீட்டை நீட்டினார். சினிமாவுக்கு வெளியே வாசித்தால் அது பாட்டு இல்லை என்று நம் ஊரில் யார் சொல்லிக்கொடுத்தார்களோ! சரி, அதை உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கோபத்தில் எழுதியது மரியாதைக் குறைவாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழுது பார்த்த செலவைத் தருவது உங்கள் மனசு. மற்றதைத் திரும்பவும் கேட்கிறேன்: கையில் வாங்கி, கையில் கொடுங்கள்.

திரும்புவதற்கும் உங்கள் டிக்கெட்தான் எடுத்திருக்கிறோம். ரத்து செய்தால் பணம் வராது என்கிறது உங்கள் விதி. வரும் ஞாயிறு காலை விமானம். கிளாம்ப் கழற்றிய கிட்டாரை நானே கதவுவரை தூக்கி வருகிறேன். அங்கே வாங்கிக்கொள்ள ஓர் ஆளை நிற்கச் சொல்லுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
உங்கள் சீட்டில் கையெழுத்துப் போட்ட பயணி