மெடல் போதும், ஒரு நோட்டு போடுங்கள்: ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பிள்ளைகளுக்கு மாலை நேர ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு நடத்தும் மையத்தின் நிர்வாகத்தாருக்கு,

வணக்கம்.

பின்னணி உங்களுக்கே தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை சான்றிதழ் விழா முடிந்த கையோடு, அங்கே கொடுத்த ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டுகளைப் பற்றி வாட்ஸாப் குரூப்பில் என்னென்ன கேள்விகள் வந்தன என்று பார்த்தீர்கள், பார்த்துவிட்டுத்தான் அட்மின் மட்டுமே எழுத முடியும் என்று மாற்றினீர்கள். அங்கே வாயை மூடிவிட்டதால் இங்கே எழுதுகிறேன். மையத்தின் பெயரைப் போடவில்லை. சென்னையில் இதைப் படிக்கிற வேறு பெற்றோர்கள் தங்கள் பிள்ளை போகிற வகுப்பைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நோட்டு போடுங்கள். அந்தக் குழந்தைக்கு இன்றைக்கு என்ன வருகிறது, என்ன வரவில்லை, அடுத்து எதைப் பழக வேண்டும் என்று கோச் அதில் நாலு வரி எழுதட்டும். கோச் மாறினால் நோட்டு அடுத்தவர் கைக்குப் போகட்டும்.

ப்ராக்ரஸ் ரிப்போர்ட்தான் கொடுத்தோமே என்பீர்கள். கொடுத்தீர்கள், பளபளவென்று கெட்டி அட்டையில். ஃப்ளெக்ஸிபிலிட்டி வெரி குட், பேலன்ஸ் வெரி குட், ஸ்ட்ரெங்த் வெரி குட், டிசிப்ளின் வெரி குட். என் மகளுக்கு வந்ததும் எதிர்வீட்டுப் பையனுக்கு வந்ததும் அச்சு அசலாக ஒன்றுதான். அட்டை மாறிப் போயிருந்தால் பெயரைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். இதற்கும் மேலே, கோடை விடுமுறையோடு குடும்பத்தோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்ட ஒரு குழந்தையின் பெயரையும் மைக்கில் கூப்பிட்டீர்கள். அந்தக் குழந்தைக்கு பேலன்ஸ் எக்ஸலண்ட் என்று இருந்ததாம். ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டே பேலன்ஸில் இவ்வளவு முன்னேற முடியும் என்றால் நாங்கள் ஏன் வாராவாரம் இந்த டிராஃபிக்கில் வர வேண்டும்?

கோபமாக எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொல்கிறேன்.

என் மகளுக்கு எட்டு வயது. எழுதுவது, சாப்பிடுவது, பந்து எறிவது எல்லாம் வலது கையில். ஆனால் கார்ட்வீல், அதாவது கையை ஊன்றிப் பக்கவாட்டில் சக்கரம் மாதிரி சுற்றுவது, போடும்போது அவளுக்கு இடது கால்தான் முன்னே வரும். இதைக் கண்டுபிடித்தவர் முன்பு உங்களிடம் இருந்த கோச். சுவர் பக்கம் நிறுத்தி, கையை ஊன்றித் தலைகீழாக நிற்கிற ஹேண்ட்ஸ்டாண்டுக்குக் காலை உதறச் சொல்லி, யோசிக்க விடாமல் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து, எந்தக் காலை ஊன்றி எந்தக் காலை வீசுகிறாள் என்று பார்த்தார். "இவளுக்கு லெஃப்ட்டும்மா, யாரும் மாத்த வேண்டாம்" என்று என்னிடமும் சொன்னார். அப்புறம் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கை, கை, கால், கால் என்று தாளம் சொல்லிக் கொடுத்தார். முதலில் முயல் குட்டி தாவுகிற மாதிரிதான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இடுப்பு தலைக்கு மேலே போக ஆரம்பித்தது. முழங்கால் இன்னும் மடங்கும், ஆனால் இறங்கும்போது இரண்டு காலும் அந்தக் கோட்டின் மேலேயே வந்து நிற்கும். வீட்டுக்கு வந்ததும் ஹாலில் டைல்ஸ் கோட்டைப் பிடித்துப் போட்டுப் பார்ப்பாள், டீப்பாயை நகர்த்தி வைப்பதே எனக்கு வேலையாக இருந்தது.

அந்த கோச் போய்விட்டார். ஏன் போனார் என்பது உங்கள் கணக்கு, எனக்குத் தேவையில்லை. புதிதாக வந்தவர் எல்லாக் குழந்தைகளையும் வரிசையாக நிறுத்தி, விசில் அடித்து, வலது காலை முன்னே வைக்கச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அத்தனை பிள்ளைகளை ஒற்றை ஆளாக மேய்ப்பவருக்கு ஒவ்வொருத்தரின் காலும் எப்படித் தெரியும்? வலது காலில் போனால் இவளுக்கு இரண்டாவது கை தாமதமாகத்தான் தரையைத் தொடுகிறது, இடுப்பு பாதியிலேயே சரிந்துவிடுகிறது, பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறாள். முன்னாடி இருந்த சார் லெஃப்ட் என்று சொன்னார் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். "இங்க எல்லாரும் ரைட்தான்" என்று பதில் வந்திருக்கிறது. விசிலோடு நிற்கிற பெரியவரிடம் எட்டு வயதுக் குழந்தை இரண்டாவது தடவை வாதாடாது. கார்ட்வீல் முறை வரும்போதெல்லாம் பாத்ரூம் போகணும் என்று கேட்க ஆரம்பித்தாள். அவருக்கும் பிறகு வந்தவர், பேசிக் வீக்காக இருக்கிறது என்று சொல்லி ஃபார்வர்ட் ரோல் என்கிற குட்டிக்கரணத்தில் இருந்து மறுபடி ஆரம்பித்தார். போன மாதம் ஒரு நாள் ராத்திரி, கேட்காமலேயே சொன்னாள்: "எனக்கு இதெல்லாம் வராதும்மா."

வந்துகொண்டிருந்தது ஐயா. வந்துகொண்டிருந்தது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

"இடது கால்" என்று இரண்டு வார்த்தை எழுத அந்த கெட்டி அட்டையில் இடமில்லை. ஆனால் எடைக்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் மட்டும் கிராம் சுத்தமாக எண் இருந்தது, பக்கத்தில் கொஞ்சம் குறைக்கலாம் என்று ஒரு குறிப்பும் இருந்தது. பொழுதுபோக்குக்காக வாரத்தில் சில நாள் வந்து குதிக்கிற குழந்தையின் எடை உங்களுக்கு எதற்கு? பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியில் குழந்தைகள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று விசாரித்து 2022-ல் வெளிவந்த வைட் அறிக்கையில், எடை பார்த்தும் சாப்பாட்டைக் கண்காணித்தும் பிள்ளைகளை வதைத்ததைப் பற்றி விரிவாகவே இருக்கிறது. அது போட்டிகளுக்குத் தயாராகிற பிள்ளைகளையும் சேர்த்து நடந்த விசாரணை. நம்முடையது மாலை ஐந்தரை மணி பேட்ச். அந்தக் கட்டத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஸ்டார் ஆஃப் தி வீக். உற்சாகப்படுத்தத்தான் செய்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் வாராவாரம் குரூப்பில் வருகிற படத்தைப் பார்த்தால், பிறவியிலேயே உடம்பு வளைகிற நாலைந்து குழந்தைகள்தான் மாறி மாறி வருகிறார்கள். மற்றவர்களுக்கு அது என்ன உற்சாகம் தரும்? லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில் ஒரு சோதனை செய்து 1973-ல் வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் மட்டும், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள், சொன்னபடி கொடுக்கவும் செய்தார்கள். ஓரிரு வாரம் கழித்து, பரிசு எதுவும் இல்லாமல் மற்ற விளையாட்டுகளோடு பேனாக்களையும் வைத்துவிட்டுக் கவனித்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். முன்கூட்டியே சொல்லாமல் பரிசு கொடுத்த இன்னொரு பகுதிக் குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பரிசே விஷம் என்று நான் சொல்லவரவில்லை. ஆசையோடு வருகிற பிள்ளையை மெடலுக்காக வருகிற பிள்ளையாக மாற்றிவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

குழந்தையை மறுநாளும் ஓடி வர வைப்பது, போன வாரம் முடியாதது இந்த வாரம் முடிந்தது என்று அதற்கே தெரிவதுதான். ஹேண்ட்ஸ்டாண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் காலால் ஏறிப் போவது, வயிறு சுவரைப் பார்க்க நிற்பது, ஒரு காலை மட்டும் சுவரிலிருந்து எடுத்துப் பார்ப்பது, இரண்டையும் எடுத்து ஒரு மூச்சு நிற்பது என்று அதற்குள் எத்தனை படி இருக்கிறது, என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உதவியோடு, தனியாக, சுத்தமாக என்று ஏதாவது ஒன்றை எழுதித் தேதி போட்டால் போதும். உடம்பு வளையாத குழந்தைக்கும் அந்த நோட்டில் மாதத்துக்கு ஒரு புது வரி விழும். பக்கத்துக் குழந்தையோடு ஒப்பிடவே தேவையில்லை, அதனுடைய பழைய பக்கத்தோடு ஒப்பிட்டால் போதும். எதற்குப் பயப்படுகிறது என்பதையும் எழுதுங்கள். அடுத்து என்ன பழக ஆசை என்று குழந்தையையே கேட்டு எழுதினால் இன்னும் நல்லது, பதில் வேடிக்கையாக இருக்கும் என்பதற்கு நான் உத்தரவாதம்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. பொழுதுபோக்குக்காக வருகிற பிள்ளைகளுக்கென்றே பிரிட்டனில் எட்டில் தொடங்கி ஒன்றுக்கு வருகிற திறன் நிலைகள் வைத்திருந்தார்கள். கனடாவில் கேன்ஜிம் என்று பன்னிரண்டு வண்ண பேட்ஜுகள். அவ்வளவு தூரம் போவானேன், நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். நர்ஸம்மா மாற்றலாகிப் போனாலும், நாம் வீடு மாறினாலும், அட்டையைப் பார்த்தால் எந்த ஊசி போட்டாயிற்று, அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியும். காசு வாங்காத இடத்தில் நடக்கிற காரியம், மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாக வாங்குகிற இடத்தில் ஏன் நடக்கவில்லை?

உங்கள் வாசலில் ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகரின் படம் போட்ட பேனர் இருக்கிறது. நல்ல விஷயம், பிள்ளைகள் நின்று பார்க்கிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில், ஓடி வந்து கையூன்றித் தாவுகிற வால்ட் பிரிவில் 15.066 புள்ளி எடுத்து நாலாவதாக வந்தவர், வெண்கலம் 0.15 புள்ளியில் கைநழுவிப் போனது. அகர்தலாவில் சிறுமியாகப் பயிற்சிக்கு வந்தபோது அவருக்குத் தட்டைப் பாதம், இந்த விளையாட்டுக்கு அது பெரிய இடைஞ்சல். அதைத் தெரிந்துகொண்டு, அதற்கென்று தனியாகப் பயிற்சி கொடுத்து, ரியோ வரைக்கும் கூடவே இருந்தவர் பிஷ்வேஷ்வர் நந்தி. அந்தப் பாதம் எப்படிப்பட்டது என்று அவருடைய கோச்சுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பிள்ளைகள் ஒலிம்பிக் போகப் போவதில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. பேனரில் தீபாவைப் போடுகிறவர்கள் பிள்ளைக்கு எந்தக் கால் என்றாவது தெரிந்துவைத்திருக்கலாம் என்றுதான் கேட்கிறோம்.

உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஊரில் எந்த வகுப்புக்குப் போனாலும் இதே கதைதான். கராத்தேயில் கட்டணம் கட்டக் கட்ட பெல்ட் நிறம் மாறுகிறது. அபாகஸில் லெவல் ஏறிக்கொண்டே போகிறது, கடையில் மீதிச் சில்லறை கேட்டால் குழந்தை முழிக்கிறது. ஸ்கேட்டிங்கில் சேர்ந்து ஷூ கடிக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் மெடல் வந்துவிடுகிறது. அதையெல்லாம் ஷோகேஸில் அடுக்கிப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறவர்கள் எங்களில்தான் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. என் பிள்ளைக்கு ஏன் ஸ்டார் வரவில்லை என்று குரூப்பில் சண்டை போட்டதும் பெற்றோர்கள்தான். நீங்கள் சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டீர்கள், எல்லோருக்கும் வெரி குட். பயிற்சிக்குப் போடுகிற லியோடார்ட் உடையை உங்களிடமேதான் வாங்க வேண்டும் என்கிற சட்டம், வெளியே பாதி விலை என்பது... வேண்டாம், அது தனி மடலாகிவிடும்.

நோட்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, உண்மையில் அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மணிக்கட்டில் பிளாஸ்டர் பிரித்துவிட்டு வந்த பையனின் அம்மா, இரண்டு வாரத்துக்குக் கையில் எடை கொடுக்க வேண்டாம் என்று ஒரு கோச்சிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் நின்றவர் வேறு கோச். அந்தப் பையனையும் எல்லோரோடும் கையால் நடக்கச் சொல்லிவிட்டார். உள்ளே வரக் கூடாது என்ற உங்கள் விதியை மீறி அந்த அம்மா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடியதை வெளியே நின்ற நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை, நல்ல வேளை. நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்திருந்தால் நல்ல வேளையை நம்பியிருக்க வேண்டாம்.

கோச்சுகளுக்கு நேரமில்லை என்பீர்கள். நியாயம்தான், வாங்குகிற சம்பளத்துக்கு அவர்கள் செய்வதே அதிகம். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகள் சும்மா டிராம்போலினுக்கு வரிசையில் நிற்கிறார்கள், அந்த நேரத்தில் ஒரு நாளைக்கு நாலு நோட்டு எழுதினால் மாதத்தில் ஒரு சுற்று வந்துவிடும். அதற்கும் முடியாது என்றால் அடுத்த விழாவுக்கு மெடலும் மேடையும் வேண்டாம், அந்தக் காசை எழுதுகிறவர்களுக்குக் கொடுங்கள். பெற்றோர்களில் யாரும் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், மறுத்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

ஆகவே மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன்: ஒரு குழந்தைக்கு ஒரு நோட்டு. அடுத்த மாதக் கட்டணத்துக்கு முன்பே தொடங்கினால் மகிழ்ச்சி. நோட்டுகளை நாங்களே வாங்கித் தருகிறோம், அட்டை போட்டு லேபிள் ஒட்டியும் தருகிறோம். என் மகளுடைய நோட்டில் முதல் வரியை நானே எழுதி அனுப்பிவிடுவேன், அது என்னவென்று உங்களுக்குத் தெரியும். பதிலைக் குரூப்பிலேயே போடலாம், எல்லோரும் பார்க்கட்டும். கட்டைவிரல் படம் மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஐந்தரை மணி பேட்சில் படிக்கும் ஒரு குழந்தையின் அம்மா