கல்ச்சர் பரிசோதனை எல்லா நாளும் நடக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.
(பெயரும் முகவரியும் தனித்தாளில்)

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: மருந்துக்குக் கட்டுப்படாத மருத்துவமனைத் தொற்று – கல்ச்சர் ஆய்வக வசதி கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர், வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள் நான். சென்ற ஆண்டு என் அண்ணனுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. அது நல்லபடியாகவே முடிந்தது. ஆறாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டது. கிருமியைக் கொல்லும் ஊசியை மாற்றி மாற்றிப் போட்டார்கள். கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து அது எது, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுத்ததோ மூன்று நாள் கழித்து. சனிக்கிழமை எடுத்த ரத்தம் திங்கட்கிழமைதான் வெளியூர் ஆய்வகத்துக்குப் போனது. கிருமி கிளெப்சியெல்லா, மெரோபெனம் என்ற பெரிய ஊசி உட்பட ஏறக்குறைய எந்த மருந்தும் கேட்காது என்று அறிக்கை வந்தபோது அண்ணனின் இறுதிச் சடங்கு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

மெரோபெனம் போன்ற மருந்துகளை முறிக்கும், கிருமிகள் சுரக்கும் என்.டி.எம்-1 என்ற நொதி பற்றி 2010-ல் வெளியான ஆய்விலேயே சென்னையில் எடுத்த மாதிரிகள் இருந்தன. 2012-ல் மருத்துவர்கள் கூடி, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைத் தடுக்கச் சென்னைப் பிரகடனம் வெளியிட்டார்கள். 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணை மருந்துகளுக்கு (மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, மெரோபெனம் போன்றவை) கடைக்காரர் தனிப் பதிவேடு வைக்க வேண்டும். இத்தனை இருந்தும் வார்டில் எந்தக் கிருமி என்று தெரியாதபோது மருத்துவர் என்ன செய்வார்? உயிர் போய்விடுமே என்று பெரிய ஊசியைத்தான் எழுதுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் அப்படி எத்தனையோ ஊசி போட்டிருக்கிறேன். அதில் தப்பிய கிருமி அடுத்த கட்டிலுக்குப் போவதும் பல நேரம் எங்கள் கை வழியாகத்தான்.

ஆகவே, மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் அனைத்திலும் கல்ச்சர் ஆய்வகம் ஞாயிறு, விடுமுறை நாட்களிலும் இயங்க ஆணையிட வேண்டுகிறேன். ஊசியைத் தாமதிக்காமல், முதல் ஊசிக்கு முன்பே ரத்தம் எடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். முதற்கட்ட முடிவைத் தொலைபேசியிலேயே வார்டுக்குச் சொல்லிவிட வேண்டும். தனியார் மருத்துவமனைகளுக்கும் இதே விதி வேண்டும். தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரை வேறு பணிக்கு அனுப்பக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்றால் முதலில் அவரைத்தான் இழுப்பார்கள், பட்டறிந்து சொல்கிறேன்.

அண்ணனின் கேஸ் ஷீட், கல்ச்சர் அறிக்கை நகல்களை இணைத்துள்ளேன். ஊசி தொடங்கிய தேதியையும் ரத்தம் எடுத்த தேதியையும் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)