இந்த ஆண்டு ஜெபச் சீட்டு வாங்க நான் வரவில்லை

சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும் சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

வருகிற கன்வென்ஷன் நற்செய்திக் கூட்டங்களுக்குப் பிரசங்கியாரை முடிவுசெய்ய நீங்கள் கூடப்போவது தெரியும். மூன்று பெயர்கள் அடிபடுகின்றன என்றும், மூன்று பேரைப் பற்றியும் "அவர் வந்தா கூட்டம் எவ்வளவு சேரும்?" என்ற ஒரே கேள்விதான் எழுந்தது என்றும் கேள்விப்பட்டேன். அவர்களில் ஒருவர் மூன்று வருஷத்துக்கு முன் நம் மைதானத்தில் பேசியவர். அவரைப் பற்றி அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருபது வருஷமாக இருக்கிறேன். உங்களில் சிலர் ஞாயிறு பள்ளியில் என்னிடம் மனப்பாட வசனம் ஒப்பித்தவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அன்று ஜெப விண்ணப்பச் சீட்டு வாங்குகிற வேலை எங்கள் சங்கத்துக்கு. ரோஸ் நிறத் தாள். பெயர், ஊர், வயது, விண்ணப்பம் என்று நான்கு வரி. எண்பது வயது தாண்டிய ஆச்சி ஒருவர், கண்ணாடி கொண்டுவரவில்லை, "நீயே எழுதிருட்டி" என்றார். வலது முட்டில் தீராத வலி. எழுதினேன். நான்கு மணியிலிருந்து வாங்கிய சீட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு மேடைக்குப் பின்னால் நின்ற வேனில் கொடுத்தேன். உள்ளே இரண்டு தம்பிமார் அதைப் பிரித்துப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெபிக்கத்தான் என்று நினைத்தேன்.

இரவு எட்டரை மணிக்கு மேடையில், கர்த்தர் காட்டுகிறார் என்று ஆட்களைப் பெயர் சொல்லி அழைக்கிற 'வெளிப்பாடு' தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு அவர் அந்த ஆச்சியின் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். கூட்டம் "அல்லேலூயா" என்று அதிர்ந்தது. "மகளே, உன் இடது முழங்காலைக் கர்த்தர் இப்போதே தொடுகிறார்!" என்றார்.

இடது. அப்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஆச்சியைப் பார்த்து எழுதியதால் என் வலப்பக்கம், அவர் இடப்பக்கம் என்று குழம்பி, சீட்டில் தப்பாக எழுதிவிட்டிருந்தேன். நான் செய்த எழுத்துப்பிழை பரிசுத்த ஆவியானவர் வாயிலிருந்து எப்படி வரும்? ஆச்சி மட்டும் கலங்கவில்லை. "எடதுன்னாவ சொன்னாரு? ஆண்டவருக்குத் தெரியாததா. இதுலயும் நாளைக்கு வலி வரும்போல" என்று நல்ல முட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. காணிக்கைப் பையை நாலாவது தடவை சுற்றுக்கு விட்டபோதும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான்.

இது புதிய வித்தையும் இல்லை. அமெரிக்காவில் பீட்டர் போபாஃப் என்ற சுகமளிக்கும் பிரசங்கியார் இதையே செய்தார். 1986-ல் ஜேம்ஸ் ராண்டி என்கிற மந்திரவித்தைக்காரர் ரேடியோக் கருவியோடு கூட்டத்துக்கு ஆள் அனுப்பிப் பிடித்தார். சீட்டில் இருந்த பெயரையும் நோயையும் மேடைக்குப் பின்னாலிருந்து பிரசங்கியாரின் மனைவி வாசிக்க, அது கணவரின் காதுக்குள் இருந்த சின்னக் கருவியில் கேட்டது. அந்த ஒலிப்பதிவை நாடறியத் தொலைக்காட்சியில் போட்டார்கள். அடுத்த ஆண்டே போபாஃப் கடனைக் கட்ட வழியில்லை என்று நீதிமன்றம் போனார். பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம்: கொஞ்ச காலம் கழித்து அதே மனிதர் 'அற்புத ஊற்றுத் தண்ணீர்' என்று பாக்கெட் அனுப்பிக்கொண்டு மறுபடி தொலைக்காட்சிக்கு வந்துவிட்டார். கேட்க ஆட்களும் இருந்தார்கள். பிடிபட்டால் கள்ளன் ஓடிப்போவான் என்று நாம் நினைக்கிறோம். மறக்கிற சபை இருக்கும்போது அவன் ஏன் ஓட வேண்டும்?

மறக்காமலிருக்க நான் ஒரு நோட்டு போட்டேன். நம் கோவிலுக்கும் சுற்று வட்டாரத்துக்கும் வந்த பிரசங்கிமார் "கர்த்தர் சொல்லுகிறார்" என்று தேதியோடு சொன்னதை எழுதிவைப்பேன். என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுத இடம் விட்டிருப்பேன். அதற்கு முந்தைய சிலவற்றை ஞாபகத்திலிருந்து சேர்த்தேன். ஒன்று: 2019 டிசம்பர் 31 இரவு, பக்கத்து ஊர்க் கூட்டத்தில், "2020 உன் எல்லைகள் விரிவாகும் ஆண்டு." வாக்குத்தத்த அட்டையில், எல்லையைப் பெரிதாக்கும்படி கேட்ட யாபேஸின் ஜெபம். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து, தெருமுனைக் கடைக்குப் போவதற்கே போலீஸுக்குப் பதில் சொன்னோம். அடுத்த வருஷம் அதே ஐயா, அது "ஆவிக்குரிய எல்லை" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னோம்.

உபாகமம் 18-ல் மோசே இதற்குச் சுற்றிவளைக்காத ஒரு சோதனை வைத்திருக்கிறார். கர்த்தரின் நாமத்தில் சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல, அந்தத் தீர்க்கதரிசி துணிகரத்தினால் சொன்னான். அதோடு முடியவில்லை: "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்." நம் ஜனத்துக்கு இந்தக் கடைசி வரிதான் தேவை. "கர்த்தர் அபிஷேகம் பண்ணினவரைத் தொடாதே, சாபம் வரும்" என்று ஒரு வார்த்தையைச் சொல்லி வாயை அடைக்கிறார்களே, அந்த 105-ஆம் சங்கீதத்தை முழுசாக வாசியுங்கள். நாடோடிகளாகத் திரிந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைத் துன்பப்படுத்தாதே என்று ராஜாக்களுக்குச் சொன்னது அது. திக்கற்றவனுக்குக் கொடுத்த பாதுகாப்பை ஏசி வேனில் வருகிறவர் எடுத்துப் போர்த்திக்கொள்கிறார். அந்தியோகியாவில் பேதுருவையே பவுல் முகமுகமாய் எதிர்த்தார். கலாத்தியரில் இருக்கிறது. பவுலுக்குச் சாபம் வரவில்லை.

கள்ளப் போதகன் என்றால் கெட்ட முகமும் கெட்ட நடத்தையுமாக வருவான் என்று நினைத்துவிடாதீர்கள். திருவிதாங்கூரில் ஜஸ்டஸ் ஜோசப் என்று ஒருவர் இருந்தார். பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவராகி, சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷனெரி சங்கத்தின் குருவானவராக இருந்தவர்; எழுப்புதல்காரர், புலவர். அவர் எழுதிய கீர்த்தனைகளை மலையாளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. அவர் 1881-ல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். நம்பி ஜனம் திரண்டது. வருஷம் வந்தது, போனது. தப்பு என்று சொல்லித் திரும்புவதற்குப் பதில் யுயோமயம் என்று தனிச் சபையாக நின்றுவிட்டார்கள். அவரை மோசக்காரர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் தாலந்தும் கண்ணீரும் பாட்டும் எல்லாம் இருந்தும் ஒருவர் சபையைப் பொய்யான தேதிக்குக் கூட்டிப் போக முடியும். அதனால்தான் 'அபிஷேகம் தெரியுது', 'பாடும்போது உடம்பு சிலிர்க்குது' என்பதையெல்லாம் நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

இயேசு சொன்னது கனியை. "அவர்களுடைய கனிகளினாலே அவர்களை அறிவீர்கள்." என் அப்பா பனையேறி. வடலியை, அதாவது இளம்பனையை, பார்த்து ஆண்பனையா பெண்பனையா என்று எந்தப் பனையேறியாலும் சொல்ல முடியாது. பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும். அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும். நாமோ மூன்று நாள் கூட்டத்தில், அதுவும் காணிக்கை எண்ணிய ராத்திரியிலேயே, கனி தெரிந்துவிட்டது என்கிறோம்.

முதல் சபைகளுக்கும் இந்தத் தலைவலி இருந்தது. 'பன்னிரு அப்போஸ்தலரின் போதனை' என்று ஒரு பழைய கைநூல் உண்டு, திதாக்கே என்பார்கள். முதல் நூற்றாண்டின் கடைசியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது. காணாமல் போயிருந்த அதன் பிரதி 1873-ல்தான் கான்ஸ்டான்டிநோபிளில் அகப்பட்டது. அதில் ஊர் ஊராக வரும் ஊழியனுக்கு விதி போட்டிருக்கிறார்கள். கர்த்தரைப் போல ஏற்றுக்கொள். ஒரு நாள் தங்கட்டும், வேண்டுமானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் இருந்தால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த ஊர் சேரும்வரைக்குமான அப்பம் மட்டும் கொடு. பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் பேசுகிறேன் என்று "எனக்குப் பணம் கொடு" என்பவனைக் கேட்காதே. இல்லாதவர்களுக்காகக் கேட்டால் அவனை நியாயந்தீர்க்காதே. வேலை செய்யாமல் ஊரில் உட்கார்ந்து சாப்பிட நினைக்கிறவனுக்கு அந்த நூல் வைத்த பெயர், கிறிஸ்துவை விற்கிற வியாபாரி.

பணம் வாங்குவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன். பஞ்சத்தில் கடைசிப் பிடி மாவோடு இருந்த சாறிபாத் விதவையின் கதையை இவர்கள் சொல்வதைத்தான் கேட்கச் சகிக்கவில்லை. "முதலில் எனக்கு ஒரு சின்ன அடை" என்று எலியா கேட்டான், ஆகவே கடைசிப் பணத்தையும் ஊழியத்துக்குக் கொடு என்கிறார்கள். எலியா வாங்கிக்கொண்டு வண்டியேறிப் போகவில்லையே. அந்தப் பஞ்சத்தில் அநேக நாள் அந்த வீட்டிலேயே, அதே பானை மாவில், அவளோடும் அவள் பிள்ளையோடும் சாப்பிட்டான். நம் அம்மாமார் உலை வைக்கும்போது ஊழியத்துக்கென்று எடுத்துப்போட்ட கைப்பிடி அரிசியும் அந்த விதவையின் மாவு மாதிரிதான். 1903-ல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, நம் பணம், நம் ஆட்கள், நம் நிர்வாகம் என்று வைத்தார்கள். நிர்வாகம் என்றால் கணக்குக் கேட்பது. அந்த ரோஸ் சீட்டு ஐயாவுக்குப் போன கவரில் எவ்வளவு இருந்தது என்று இன்றுவரை சபைக்கு வாசிக்கப்படவில்லை.

மாத்திரை விஷயத்தை ஒரே வரியில் முடிக்கிறேன், ஏனென்றால் அந்தக் குடும்பம் நம் தெருவில்தான் இருக்கிறது: மேடையில் சுகம் அறிவிக்கப்பட்ட அந்தப் பையனுக்கு வலிப்பு மாத்திரையை நிறுத்தினார்கள், பதினோராம் நாள் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், ஐயாவின் ஜெப எண்ணில் யாரும் போனை எடுக்கவில்லை.

வெளியே இருந்து வருகிறவரை மட்டும் சொன்னால் அது நியாயமாகாது. எபேசு மூப்பரிடம் பவுல் ஓநாய்கள் வரும் என்று சொன்ன கையோடு, "உங்களிலும் சிலர்" எழும்புவார்கள் என்றார். திருமண்டலத் தேர்தல் காலத்தில் நம் கோவில் வாசலில் நடப்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, இடுப்பளவு தண்ணீரில் இட்லிப் பாத்திரத்தைத் தலையில் தூக்கிவந்தது சபை ஊழியரான நம் உபதேசியார். அவர் பேச்சில் யாருக்கும் உடம்பு சிலிர்ப்பதில்லை. கன்வென்ஷனில் அவருக்கு ஆரம்ப ஜெபம்கூடக் கொடுப்பதில்லை.

பேரைத் தீர்மானிக்குமுன் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் அந்தந்தப் பிரசங்கியாரின் ஊருக்குப் போய்வாருங்கள். அவர் எந்தச் சபைக்குக் கட்டுப்பட்டவர், கணக்கை யார் தணிக்கை செய்கிறார், தப்பு செய்தால் யார் அவரைக் கூப்பிட்டுக் கேட்க முடியும் என்று கேளுங்கள். அவரிடமிருந்து வேலையை விட்டுப்போன டிரைவரையும், அவர் தெருப் பலசரக்குக் கடைக்காரரையும் கேளுங்கள். புறம்பானவர்களிடத்தில் நற்சாட்சி வேண்டும் என்று தீமோத்தேயுவில் சும்மா எழுதவில்லை. பதில் நன்றாக இருந்தால் சந்தோஷமாக அழையுங்கள். நானும் வந்து உட்கார்ந்து கேட்பேன். தீர்க்கதரிசனத்தை அற்பமாய் எண்ணாதே என்ற அதே மூச்சில்தான் எல்லாவற்றையும் சோதித்துப்பார் என்றும் இருக்கிறது.

அந்த ஆச்சி போன மாசியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். கடைசிவரை வலது முட்டுக்குத்தான் தைலம் தேய்த்தார்கள். தப்பாக எழுதியது நான் என்று அவர்களிடம் சொல்லாமலே போய்விட்டது.

ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்ததும் நோட்டோடு வெஸ்ட்ரி திண்ணையில் இருப்பேன். விருப்பமுள்ளவர்கள் வாங்கிப் பார்க்கலாம். சீட்டு வாங்க வேறு ஆள் பாருங்கள். அசன விருந்துக்குக் காய் நறுக்க வழக்கம்போல விடியற்காலை வந்துவிடுவேன்.

கிறிஸ்துவுக்குள்,
பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஓர் அங்கத்தினள்