அம்மாவின் பாட்டுக்கு எந்த மைக்?

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். சின்னவன் தேசிய சேவைக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது.

அம்மாவின் தோட்டப்புறப் பாட்டுகளைப் பதிவு செய்யப் போகிறாய் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜொகூர் ரப்பர்க் காட்டில் பால் வெட்டியவர்கள் வாய்வழியாகக் கற்ற பாட்டு அவை. தயவுசெய்து தள்ளிப்போடாதே.

எந்த மைக் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கடையில் உனக்குக் காட்டிய கண்டென்சர் மைக், அதாவது சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் வகை, உனக்கு வேண்டாம். நல்ல பொருள்தான், ஆனால் அதற்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டியைத் தனியாக வாங்க வேண்டும். அப்படியே வாங்கினாலும், உன் ஜன்னலுக்கு எதிரே உட்லண்ட்ஸ் பாலத்தில் ஓடும் எம்ஆர்டி ரயில், மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம், விடியற்காலைக் குயில் எல்லாம் பாட்டோடு சேர்ந்து பதிவாகும். வீவக அடுக்குமாடி வீட்டுக்கு, அவ்வளவு நுட்பமாகப் பிடிக்காத டைனமிக் மைக்தான் சரி. வாய்க்கு அருகில் வைத்துப் பாடுவதால் குரல் ஓங்கி நிற்கும், அறைச் சத்தம் அடங்கிப்போகும்.

1966 முதல் மேடைகளில் புழங்கும் ஷூர் எஸ்எம்58 அந்த வகைதான். ஆனால் அதற்கும் இன்டர்ஃபேஸ் தேவை, கேரோசல் இணையச் சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் போலிகளும் உண்டு. என் தேர்வு சாம்சன் கியூ2யூ. யூஎஸ்பி வழியாக நேரே கணினியில் செருகலாம், ஹெட்ஃபோனையும் மைக்கிலேயே மாட்டலாம். இன்டர்ஃபேஸில் செருகும் எக்ஸ்எல்ஆர் இணைப்பும் இருப்பதால் பிற்பாடு இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் மைக் வீணாகாது. மென்பொருளுக்கு ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதே, இலவசமாகக் கிடைக்கும் அடாசிட்டி போதும்.

பணத்தைவிட அறைதான் முக்கியம். ஹாலில் வேண்டாம், தரையும் சுவரும் எதிரொலிக்கும். படுக்கையறையில் துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து, அதைப் பார்த்தபடி அம்மாவை உட்கார வை. மைக்கைக் கையில் கொடுத்தால் விரல் உரசுவதும் கேட்கும், அதனால் ஸ்டாண்டில் மாட்டு. உதட்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் ‘பச்சை’, ‘பொன்னு’ என்று பாடும்போது வாய்க்காற்று மோதி ‘டப் டப்’ என்று விழும். பதிவின்போது அடாசிட்டி காட்டும் ஒலி அளவு -12 டெசிபெலை ஒட்டி நிற்கட்டும், உச்சத்தில் குரல் உடையாது. கோப்பை, ஒலித்தரம் குறையாத வேவ் (WAV) வடிவில் சேமித்து இரண்டு இடங்களில் வை.

பதிவின்போது மின்விசிறியையும் ஏர்கானையும் நிறுத்தத்தான் வேண்டும். அம்மாவுக்கு வேர்க்கும், ஆகவே பாட்டுக்குப் பாட்டு விசிறியைப் போட்டு ஓய்வு கொடு. நடுவில் நின்று கங்காணியைப் பற்றியோ லயத்து வீட்டைப் பற்றியோ கதை சொன்னால் பதிவை நிறுத்திவிடாதே, அதுவும் சேரட்டும்.

ஸ்டாண்ட் மட்டும் வாங்காதே. என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, சனிக்கிழமை வரும்போது எடுத்துவருகிறேன்.

என்றும் அன்புடன்,
மணி